பஞ்சுவுக்கு ஆறடிக் கயிறு

நாய்களுக்குச் சட்டம் இயற்றியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது என் மீசை ஈரமாக இருந்தது.

ஈரமாக்கியது பஞ்சு. எதிர் வீட்டுப் பல் டாக்டரின் நாய். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். எடை நாற்பத்திரண்டு கிலோ. அது வாலை ஆட்டினால் லிஃப்ட் வாசலில் இருக்கும் பூந்தொட்டி இடம் மாறும். பாசமாக மேலே தாவினால் ஆளே இடம் மாறுவார். அன்று மாலை ஏழு மணிக்கு, வேலையிலிருந்து வந்த என் மனைவியின் கண் முன்னால், முன்னங்கால் இரண்டையும் என் தோளில் போட்டது. மீசையை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை நக்கித் துடைத்தது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

என் மனைவி கைப்பையைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏங்க, இந்த நாய் ஏன் உங்க மீசையை மட்டும் நக்குது?"

"பாசம்."

"மூணாவது மாடி வக்கீலுக்கும்தான் மீசை இருக்கு. அவர்மேல பாசம் இல்லையா?"

"அவர் மீசை நரைச்சது."

"உங்களது?"

"மை போட்டது. நாய்க்கு மை வாசனைன்னா உயிர்."

"அப்படியா?" என்றாள்.

என் மனைவி "அப்படியா" என்று சொன்னால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் கோப்பு திறக்கப்படுகிறது.

உங்களிடம் மறைப்பானேன். அது மை வாசனை இல்லை. க்ரீம் பன் வாசனை.

எனக்குச் சர்க்கரை நோய். என் சர்க்கரை டாக்டர் இரண்டே வார்த்தை சொன்னார்: இனிப்பு கூடாது, தினமும் நாற்பது நிமிடம் நட. அதை அவர் என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அவரும் பேசித் தீர்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் விரலைக் குத்துகிறாள். வீட்டுக்கு வந்து என்னைக் குத்துகிறாள்.

ஆறு மணிக்குக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடைக்குப் புறப்படுவேன். அவள் வேலை முடிந்து வர ஏழு ஆகும். பக்கவாட்டு கேட் வழியாக வெளியே போனால் பேக்கரி. அங்கே ஒரு க்ரீம் பன். மேலே பொடிச் சர்க்கரை, நடுவில் வகிடு எடுத்து நிரப்பிய க்ரீம். அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால் ஜெனரேட்டர் கொட்டகை. அதன் பின்னால் யாரோ கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி. அதுதான் என் சிம்மாசனம். நாற்பது நிமிட நடையில் நான்கு நிமிடம் நடப்பேன். மீதி முப்பத்தாறு நிமிடம் உட்கார்ந்து நடப்பேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பஞ்சு மோப்பம் பிடிக்கும்வரை.

பல் டாக்டருக்கு மாலையில் கிளினிக். போகும்போது பஞ்சுவைக் கீழே அவிழ்த்துவிட்டுப் போவார். வாட்ச்மேன் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்வார். இன்னொரு கண் கைப்பேசியில் இருக்கும். ஆறு வாரத்துக்கு முன் ஒருநாள் பஞ்சு கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து வலது முன்னங்காலை நீட்டியது. கைகுலுக்க என்று நினைத்தேன். இல்லை, பங்கு கேட்க. வாயை அடைக்கப் பாதி பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது.

எங்கள் அலுவலகத்திலும் லஞ்சம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கினால் வாயைத் திறக்க மாட்டார்கள். பஞ்சு அப்படியல்ல. பாதி பன்னை வாங்கித் தின்றுவிட்டு, ஏழு மணிக்கு லிஃப்ட் வாசலில் வந்து, மீசையில் ஒட்டியிருக்கும் க்ரீமை என் மனைவி முன்னாலேயே நக்கும். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

அதனால்தான் சட்டம்.

சட்டம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுகிறேன். "மின்விசிறியை நிறுத்திய பின்னரே எழுந்து செல்லவும்" என்னுடையதுதான். "கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைக்கவும்" கூட. போதாக்குறைக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அந்தப் பதவிக்கு நடந்த தேர்தலில் போட்டியே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் அன்று வெளியூர் போய்விட்டார்கள்.

திட்டம் இதுதான். நாயை வெளியே கொண்டுவந்தால் கயிறு கட்டித்தான் கொண்டுவர வேண்டும். கயிற்றை உரிமையாளர்தான் பிடிக்க வேண்டும். உரிமையாளர் மாலையில் கிளினிக்கில். ஆகவே பஞ்சு வீட்டுக்குள். ஆகவே முழுப் பன்னும் எனக்குள்.

நாலு நாள் கழித்து ஒரு மாலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"நாய் விதிகள். பொதுமக்கள் பாதுகாப்பு."

திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லதுதான். கயிறு எவ்வளவு நீளம் போட்டிருக்கீங்க?"

"மூணடி."

"மூணடியா! அது நாலு இடம் மோந்து பார்க்க வேணாமா? பாவம், ஆறடி போடுங்க."

"நாய் மோந்து பார்க்கிறதுல உனக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"வாயில்லா ஜீவனாச்சே."

"வாயில்லையா? என் மீசையைக் கேளு, சொல்லும்."

"ஆறடி போடுங்க."

ஆறடி போட்டேன்.

"உரிமையாளர்தான் பிடிக்கணுமா? டாக்டருக்கு ஒருநாள் காய்ச்சல்னா? 'அல்லது அவர் அனுமதித்த பெரியவர்'னு சேருங்க. இல்லேன்னா கூட்டத்துல உங்களைத்தான் கிழிப்பாங்க."

அதுவும் நியாயமாகப் பட்டது. அந்த நாற்பத்திரண்டு கிலோவைப் பிடிக்க எந்தப் பெரியவர் வரப்போகிறார்? சேர்த்தேன்.

"அப்புறம், நாயைத் தரதரன்னு இழுக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடுங்க. கல்நெஞ்சக்காரன்னு பேர் வராது."

அதை என் பாணியில் எழுதினேன்: "கயிறு பிடிப்பவர் நாயின் இயல்பான போக்கிற்கு இடையூறு செய்யலாகாது." எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். அவள் கைதட்டினாள். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் எனக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

மொத்தம் ஒன்பது விதிகள். ஒன்பதாவதுதான் என் செல்லப்பிள்ளை. வாட்ச்மேன் அறையில் ஒரு பதிவேடு. வீட்டு எண், நேரம், கயிறு பிடிப்பவர், உடன் வரும் வளர்ப்புப் பிராணிகளின் எண்ணிக்கை, கையெழுத்து. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் அறவே கூடாது. இதில் மட்டும் நான் கறார். ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. டாக்டர் கொதித்துப்போய் வந்திருந்தார்.

"செயலாளர் சார், என் பஞ்சு இதுவரைக்கும் யாரையாவது கடிச்சிருக்கா?"

"கடிக்கலை டாக்டர். நக்குது."

"நக்குறது ஒரு குத்தமா?"

"என் மீசை பொதுச் சொத்து இல்லை டாக்டர்."

கூட்டம் சிரித்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது.

"சார், அதுவே பாவம் பல்வலியில இருக்கு," என்றார் டாக்டர். "கடைவாய்ப் பல் சொத்தை. நான் இருபத்தஞ்சு வருஷமா பல் பார்க்கிறவன். எங்க வீட்டு நாய்க்கே சொத்தைன்னா வெளியில தலைகாட்ட முடியுமா? அதுக்கு நான் இனிப்பையே கண்ணுல காட்டினது இல்லை. எப்படித்தான் வந்துச்சோ தெரியலை."

நான் மேலே ஓடும் தண்ணீர்க் குழாய்களை எண்ண ஆரம்பித்தேன்.

"ஐயோ பாவம். யாரோ குடுக்கறாங்க டாக்டர்," என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். என் மனைவி. "கட்டி வச்சாத்தான் யாருன்னு தெரியும். இந்த விதிகளை நான் வழிமொழியறேன்."

விதிகள் நிறைவேறின. டாக்டரே கடைசியில் கை தூக்கினார். வாசலில் ஒட்டுவதற்காக நாலு பிரதி எடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் "இப்படிக்கு, செயலாளர்" என்று போட்டுக் கையெழுத்திட்டேன். வாட்ச்மேன் அறையில், பதிவேட்டுக்கு நேர் மேலே, ஒன்பதாம் விதியை மட்டும் தனியாகக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை விதிகள் அமலுக்கு வந்தன.

ஆறு மணிக்கு ஷூவை மாட்டினேன். படியிறங்கும் முன் எதிர் வீட்டுக் கதவில் காது வைத்துக் கேட்டேன். குரைப்பு இல்லை, பிராண்டல் இல்லை. தூங்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது. நாலு படி இறங்குவதற்குள் அந்தக் கஷ்டம் சரியாகிவிட்டது.

பேக்கரியில், "வழக்கம்போல ஒண்ணா சார்?" என்று கேட்டார்கள்.

"ரெண்டு," என்றேன்.

ஒன்று எனக்கு. இன்னொன்று ஆறு வாரமாகப் பஞ்சு தின்ற அரைப் பன்களுக்கு ஈடாக, அதுவும் எனக்கு.

வாளியில் உட்கார்ந்தேன். காகிதத்தைப் பிரித்தேன். பொடிச் சர்க்கரை மூக்கில் ஏறியது. ஆஹா! சட்டத்தின் ஆட்சி என்பது இதுதான். முதல் பன்னை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

எங்கேயோ நாய் இரைக்கும் சத்தம் கேட்டது.

பிரமை என்று நினைத்தேன். சத்தம் நெருங்கியது. கூடவே தப் தப் என்று செருப்புச் சத்தம். கொட்டகை மூலையில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு நாற்பத்திரண்டு கிலோ. பிறகு கயிறு, விறைத்துப்போய், ஆறடி. அதன் மறு நுனியில், தலை கலைந்து, ஒரு கால் செருப்பில்லாமல், கிட்டத்தட்டப் பறந்தபடி என் மனைவி.

பஞ்சு என் எதிரே வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வலது முன்னங்காலை நீட்டியது.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்யவில்லை. கை மட்டும் செய்தது. ஆறு வாரப் பழக்கம். பன்னைச் சரிபாதியாகப் பிய்த்து அதன் பக்கம் நீட்டிவிட்டேன். என் மனைவி எட்டி அதை நடுவழியில் பிடுங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நாள் பழக்கமோ?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"யாரு... யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"நான் இப்பத்தான் முதல் தடவையா..."

"இந்த வாளி நீங்க உட்கார்ற அளவுக்குக் குழிஞ்சிருக்கே, அதுவும் இப்பத்தானா?"

நான் எழுந்து நின்று வாளியை மறைத்தேன். பிறகு செயலாளர் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"முதல்ல நீ இங்க எப்படி வந்தே? நாயை உரிமையாளர்தான் பிடிக்கணும்."

"அல்லது அவர் அனுமதித்த பெரியவர். டாக்டர் எழுதியே குடுத்துட்டார். நானும் வேலை நேரத்தை மாத்திக்கிட்டேன். இனிமே அஞ்சரைக்கே வந்துடுவேன். நீங்க காபி குடிச்சிட்டிருக்கும்போதே பஞ்சுவைக் கூட்டிட்டுக் கீழ வந்துட்டேன்."

"சரி, ஜெனரேட்டர் பக்கம் எதுக்கு வந்தே? நாய் நடக்கிற இடமா இது?"

"நான் எங்க வந்தேன்? அது இழுத்துச்சு. இயல்பான போக்குக்கு இடையூறு செய்யலாகாதுன்னு எழுதினது யாரு?"

நான் பஞ்சுவைப் பார்த்தேன். அது அவள் கையிலிருந்த பாதி பன்னைப் பார்த்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க தின்கிறீங்கன்னு தெரியும். எங்கன்னுதான் தெரியலை." அவள் என்னைத் தள்ளிவிட்டு வாளியில் உட்கார்ந்தாள். "பரிசோதனைக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்தா ஏமாத்திடலாம்னு நினைச்சீங்க. நான் எடுத்தது மூணு மாசச் சராசரி. ஏழுக்குள்ள இருக்க வேண்டியது, ஒன்பது புள்ளி நாலு. உங்க பேர் போட்ட பேப்பரை நானே பிரிண்ட் எடுத்தேன். வேற யாராவதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு மெஷின்ல மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். நீங்கதான்."

அவள் கண் கலங்கியிருந்தது. ஓடிவந்ததால் வந்த வியர்வை என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"ஒருநாள் லீவு போட்டு உங்க பின்னாலயே வந்தேன்," என்று தொடர்ந்தாள். "அஞ்சடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க. விட்டுட்டேன். அப்புறம் டாக்டர் சொத்தைப் பல் கதையைச் சொன்னார். நாய்க்குச் சொத்தை, உங்களுக்குச் சர்க்கரை. ரெண்டுக்கும் ஒரே கடைன்னு புரிஞ்சுபோச்சு. சரி, இன்னொரு லீவு போட்டு நாய் பின்னால போவோம்னு போனேன். நாலு கால் பாய்ச்சல்ல அது மறைஞ்சுடுச்சு. எனக்கு ரெண்டாவது கட்டடத்துக்கிட்டயே மூச்சு வாங்குது. கயிறு கட்டினாத்தான் ஆகும்னு தோணுச்சு. சும்மா கட்டுங்கன்னா டாக்டர் கேட்பாரா? அதான் என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டே வீட்டுக்கு வந்தேன். நீங்க மேஜையில உட்கார்ந்து எழுதிட்டிருக்கீங்க."

உட்காரலாம் என்றால் வாளியில் அவள் இருந்தாள்.

"அந்த ஆறடி?"

"மூணடின்னா அது வால் என் முகத்துல இல்ல அடிச்சிருக்கும்?"

சொல்லிக்கொண்டே கையிலிருந்த பாதி பன்னை வாயில் போட்டாள். மென்றாள். முகம் மாறியது.

"க்ரீம் நல்லாத்தான் இருக்கு. அந்த இன்னொரு பன்னையும் எடுங்க."

"எது?"

"சட்டைக்குள்ள இருக்கிறது. பஞ்சு உங்க வயித்தையே பார்க்குது பாருங்க."

எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்த மற்ற பாதியையும் வாங்கிக்கொண்டாள். வெற்றிவிழாவுக்கு நான் வாங்கிய இரண்டு பன்னையும் என் கண் முன்னால், என் வாளியில் உட்கார்ந்து, அவளே தின்று முடித்தாள். நானும் பஞ்சுவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயையும் எண்ணினோம். அத்தனை நாளில் எங்களுக்குள் உண்மையான நட்பு ஏற்பட்டது அன்றைக்குத்தான்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுவியா?" என்று கேட்டேன்.

"எது, சொத்தைப் பல் விஷயமா?" விரலில் இருந்த சர்க்கரையைத் தட்டினாள். "அது நீங்க எப்படி நடந்துக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. நாளையிலேர்ந்து ஆறு மணிக்கு நான், நீங்க, பஞ்சு. மூணு பேரும் ஒரு மணி நேரம். நிஜ நடை."

"நாற்பது நிமிஷம்தானே சர்க்கரை டாக்டர் சொன்னார்?"

"உட்கார்ந்து நடந்ததுக்குச் சேர்த்து."

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. தினமும் நான்கு கட்டடத்தையும் ஏழு சுற்று சுற்றுகிறோம். பஞ்சுவின் சொத்தைப் பல்லை அடைத்தாகிவிட்டது. எனக்கு இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட்டாகிவிட்டது. கொட்டகைப் பக்கம் வரும்போது மட்டும் நானும் அதுவும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்புவோம். "ம்" என்பாள். இரண்டு கழுத்தும் ஒரே நேரத்தில் நேராகிவிடும். டாக்டர் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவர் நாயை நடத்துவதற்காக நான் தியாகம் செய்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை. மிச்சமிருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

நேற்று செயலாளர் என்ற முறையில் பதிவேட்டைச் சரிபார்க்க வாட்ச்மேன் அறைக்குப் போனேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒவ்வொரு வரியிலும் என் மனைவியின் அழகான கையெழுத்து. கயிறு பிடிப்பவர் என்ற இடத்தில் அவள். பெருமையாக இருந்தது. விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன். உடன் வரும் வளர்ப்புப் பிராணிகளின் எண்ணிக்கை: இரண்டு. பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு. இரண்டு மாதமும் இரண்டு.

"என்னய்யா இது?" என்றேன்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணுன்னுதான் சார் எழுதப் போனேன். மேடம் திரும்பி ஒரு தடவை பார்த்து எண்ணிட்டு, ரெண்டுன்னு அவங்களே எழுதினாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். வாட்ச்மேன் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன்.

"பதிவேட்டில் அடித்தல் திருத்தல் அறவே கூடாது. இப்படிக்கு, செயலாளர்."